பொருள் பாதி, சீட்டு பாதி

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை. கல்லூரி முடிந்து நான் புறப்படும் நேரத்தில், மாணவர் ஒருவர் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து காலமானவர். வேலைக்குப் போன ஊர்களில் எல்லாம் கண்ணில் பட்ட கற்களைப் பொறுக்கிவந்து சேர்த்துவைப்பது அவருடைய வழக்கமாம். டப்பாவுக்குள் இருபது முப்பது கற்கள் இருந்தன. பளபளக்கும் படிகங்கள், அப்பிரகத் துண்டுகள், வழவழப்பான கூழாங்கற்கள். அவற்றுக்கு இடையே, உள்ளங்கையை நிறைக்கும் அளவில், வாதுமைக் கொட்டை வடிவில், இரு பக்கமும் செதுக்கியது போன்ற ஒரு கல்லும் இருந்தது.

"இது எந்த ஊரில் கிடைத்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். தாத்தா இருந்தவரைக்கும் நாங்கள் யாரும் கேட்டதில்லை" என்றார் மாணவர்.

நான் இயற்பியல் ஆசிரியன். ஒரு கல்லைப் பார்த்து, அது ஆதிமனிதன் செய்த கருவியா, ஆற்று வெள்ளத்தில் உடைந்த சில்லா என்று சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி உடையவர்களிடம் கொண்டுபோனாலும், அவர்கள் முதலில் கேட்கப்போவது நான் கேட்ட அதே கேள்வியைத்தான். அதற்குரிய பதில் ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கியிருக்கும். அதை எழுதிவைக்காததால், கல் சொல்லியிருக்கக்கூடிய செய்தியில் பெரும்பகுதி பெரியவருடன் போய்விட்டது.

தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம், கிளிஞ்சல் என்று ஏதாவது ஒன்றை நீங்களும் சேர்த்திருப்பீர்கள். பொருள்களைச் சேர்ப்பது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் நினைப்பதுண்டு. ஆயினும் உயிரியல், நிலவியல், தொல்லியல் ஆகிய துறைகள் வளர்ந்தது பெரும்பாலும் இப்படிச் சேர்த்தவர்களால்தான். அவர்களுள் சிலர் எவ்வாறு சேர்த்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதைப் பார்த்தால், நம் வீட்டு டப்பாவுக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

ஒற்றைக் கொம்பின் இரகசியம்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் அரசர்களும் செல்வந்தர்களும் தங்கள் மாளிகைகளில் 'அதிசய அறை' ஒன்றை அமைப்பது வழக்கமாக இருந்தது. முதலைத் தோல், பவளம், விசித்திரக் கடிகாரம், தொலைநாட்டு ஆயுதம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். விருந்தினரை வியப்பில் ஆழ்த்துவதே அவற்றின் முதல் வேலை. அந்த அறைகளில் மிகுந்த மதிப்புப் பெற்ற பொருள்களுள் ஒன்று, முறுக்கிய ஈட்டி போல நீண்டிருக்கும் வெண்ணிறக் கொம்பு. குதிரை உடலும் ஒற்றைக் கொம்பும் கொண்ட கற்பனை விலங்கான யூனிகார்னின் கொம்பு அது என்றும், நஞ்சை முறிக்கும் என்றும் மக்கள் நம்பினார்கள். மிகுந்த விலைக்கும் அது விற்றது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓலே வோர்ம் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவரும் இத்தகைய பொருள்களைச் சேர்த்தவரே. ஆனால் அவருடைய ஆசை வேறு விதமானது. தன்னிடம் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன, எங்கிருந்து வந்தது என்பதை அறிய விரும்பினார். கொம்பு தனியாக இல்லாமல் மண்டையோட்டுடன் சேர்ந்தே இருந்த ஒன்றை ஆராய்ந்து, அது கொம்பே இல்லை, வடகடலில் வாழும் நார்வால் என்ற திமிங்கில இனத்தின் பல் என்று 1638இல் நிறுவினார். கொம்பு மட்டும் கிடைத்தவரையில் கதை நீடித்தது. அது எதோடு சேர்ந்திருந்தது என்று தெரிந்தவுடன் கதை முடிந்துவிட்டது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, இரு நூற்றாண்டுகள் கடந்து பசிபிக் கடலுக்குச் செல்வோம்.

கலந்துபோன குருவிகள்

1835 செப்டம்பர் மாதம். தென் அமெரிக்காவின் மேற்கே உள்ள கலாபகாஸ் தீவுகளை 'பீகிள்' என்ற ஆங்கிலேயக் கப்பல் அடைந்தது. அதில் இருந்த சார்லஸ் டார்வினுக்கு அப்போது வயது 26. ஐந்து வாரங்களில் நான்கு தீவுகளில் இறங்கி, செடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் பாறைத் துண்டுகளையும் சேர்த்தார்.

முதல் தீவிலும் அடுத்த தீவிலும் மாக்கிங் என்னும் பறவையைக் கண்டார். இரண்டும் சற்று வேறாக இருப்பதைக் கவனித்தார். அதனால் அந்தப் பறவைகளில் மட்டும் எது எந்தத் தீவில் பிடிபட்டது என்று தவறாமல் குறித்துவைத்தார். ஆனால் சின்னஞ்சிறு ஃபின்ச் குருவிகளை அவர் அவ்வாறு பொருட்படுத்தவில்லை. சில மைல் தொலைவில் உள்ள தீவுகளில், ஒரே தட்பவெப்பத்தில், வெவ்வேறு இனங்கள் வாழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பல தீவுகளின் குருவிகள் ஒரே மூட்டையில் கலந்தன.

அங்கே துணை ஆளுநராக இருந்த லாசன் என்பவர், ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று தன்னால் சொல்ல முடியும் என்று டார்வினிடம் கூறினார். அந்தச் சொல்லின் கனமும் டார்வினுக்கு அப்போது விளங்கவில்லை. உணவுக்கென்று கப்பலில் ஏற்றப்பட்ட ஆமைகள் வழியில் சமைத்து உண்ணப்பட்டன. ஓடுகள் கடலில் வீசப்பட்டன!

இங்கிலாந்து திரும்பிய டார்வின், 1837 ஜனவரியில் பறவைகளை லண்டன் விலங்கியல் கழகத்திடம் ஒப்படைத்தார். பறவை நிபுணர் ஜான் கூல்ட் அவற்றை ஆராய்ந்தார். டார்வின் வெவ்வேறு குடும்பத்துப் பறவைகள் என்று கருதியிருந்த பல, நெருங்கிய உறவுடைய ஒரே கூட்டம் என்று கண்டார். அலகின் அமைப்பை வைத்து இறுதியில் 13 இனங்களாகப் பிரித்தார். இப்போதுதான் டார்வினுக்குக் கேள்வி எழுந்தது. ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி இனம் உண்டா? பதில் அவருடைய மேசைமீதே இருந்திருக்க வேண்டும். ஆனால் சீட்டில் தீவின் பெயர் இல்லை.

யார் உதவினார்கள் தெரியுமா? கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், அவருடைய பணியாள் ஃபுல்லர், டார்வினுடைய பணியாள் சிம்ஸ் கவிங்டன் ஆகியோரும் தங்களுக்கென்று சில குருவிகளைச் சேர்த்திருந்தனர். கொள்கை எதையும் நிறுவும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் எந்தத் தீவு என்பதைக் குறித்திருந்தார்கள். டார்வின் அவற்றைக் கேட்டுவாங்கி, ஒப்பிட்டு, தம் குருவிகளின் தீவுகளை ஊகித்தார். அந்த ஊகங்களுள் சில தவறானவை என்பதை விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஃபிராங்க் சல்லோவே 1982இல் எடுத்துக்காட்டினார். 'டார்வினின் குருவிகள்' என்று இன்று உலகப் புகழ் பெற்றுள்ள அந்தப் பறவைகள், 1859இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் சான்றாகப் பேசப்படவே இல்லை!

ஆற்றின் எந்தக் கரை?

டார்வினைப் போலவே பரிணாமக் கொள்கையைத் தாமாகவே கண்டறிந்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினுக்குச் செல்வக் குடும்பம் துணை நின்றது. வாலஸுக்கோ அந்த வசதி இல்லை. வண்டுகளையும் பறவைகளையும் பிடித்து, லண்டனில் இருந்த முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் மூலம் விற்று, அந்த வருவாயில்தான் பயணம் செய்தார்.

அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் சேர்த்தவற்றுடன் 1852இல் அவர் நாடு திரும்பினார். ஆகஸ்டு 6ஆம் நாள் நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேர்த்தவை எரிந்து மூழ்கின. திறந்த படகில் பத்து நாட்கள் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. சில ஓவியங்களும் குறிப்புகளும் மட்டுமே மிஞ்சின. ஸ்டீவன்ஸ் முன்யோசனையுடன் 200 பவுனுக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்ததால் வாலஸ் பட்டினியிலிருந்து தப்பினார்.

அதே ஆண்டு டிசம்பரில், அமேசான் குரங்குகளைப் பற்றி வாலஸ் ஒரு கட்டுரை படித்தார். அமேசான், மதீரா, நீக்ரோ ஆகிய பேராறுகள் சில குரங்கு இனங்களுக்கு வேலி போல இருக்கின்றன, ஒரு கரையில் உள்ள இனம் மறுகரையில் இல்லை என்பது அவர் கண்ட உண்மை. தொடர்ந்து, அருங்காட்சியகங்களைப் பற்றி ஒரு குறையையும் சொன்னார். அங்குள்ள சீட்டுகளில் 'பிரேசில்', 'தென் அமெரிக்கா' என்றுதான் இருக்கிறது. 'அமேசான்' என்று எழுதியிருந்தாலும் வடகரையா தென்கரையா என்று தெரிவதில்லை. அப்படியானால் அந்த எல்லையை எப்படிக் கண்டறிவது என்று கேட்டார். எல்லாவற்றையும் கடலில் இழந்துவிட்டு வந்த 29 வயது இளைஞரின் கேள்வி இது.

அடுத்த பயணத்தில் அந்தக் குறை நேராதபடி பார்த்துக்கொண்டார். 1854 முதல் 1862 வரை மலேயாத் தீவுக்கூட்டத்தில் அலைந்து, 1,25,660 மாதிரிகளைச் சேர்த்தார். அவற்றில் 83,200 வண்டுகள் மட்டுமே! பறவைகள் 8,050. சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் இதில் அவருக்கு வலக்கையாக இருந்தார். பறவைகளில் பலவற்றைச் சேர்த்தவர் அவரே. பூச்சிகளுக்குக்கூட இடத்தைக் குறிக்கும் சிறு வட்டச் சீட்டை வாலஸ் குத்திவைத்தார்.

1856இல் சிங்கப்பூரிலிருந்து மக்காசாருக்கு நேரடிக் கப்பல் கிடைக்காததால், வாலஸ் பாலித் தீவுக்கும் அங்கிருந்து லொம்போக் தீவுக்கும் போக நேர்ந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள நீரிணை அவருடைய கணக்கில் 15 மைல்தான். பாலியில் குக்குறுவானும் மரங்கொத்தியும் இருந்தன. லொம்போக்கில் அவற்றைக் காணோம். அங்கே ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூ கிளிகள் பறந்தன. ஆசிய உயிரினங்களுக்கும் ஆஸ்திரேலிய உயிரினங்களுக்கும் நடுவே ஓடும் எல்லையை வாலஸ் கண்டுகொண்டார். 1863இல் அதைப் படத்தில் வரைந்து காட்டினார். 'வாலஸ் கோடு' என்று பின்னர் ஹக்ஸ்லி அதற்குப் பெயரிட்டார்.

இதன் காரணம் இன்று நமக்குத் தெரியும். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது, பாலி ஆசிய நிலப்பரப்போடு இணைந்தது. லொம்போக் நீரிணையோ அதைவிட இருமடங்குக்கும் மேல் ஆழமானது. அது வற்றவே இல்லை. மாதிரிகளின் மேல் 'கிழக்கிந்தியத் தீவுகள்' என்று மட்டும் எழுதியிருந்தால், இந்தக் கோட்டை யாரும் வரைந்திருக்க முடியாது.

பல்லாவரத்துச் சரளைக்குழி

அதே 1863ஆம் ஆண்டில், நம் சென்னைக்கு அருகே ஒரு நிகழ்ச்சி நடந்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த இளைஞர். ஃபிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கல்லாயுதங்கள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை ஆங்கில அறிஞர்கள் 1859இல் ஏற்றுக்கொண்டிருந்தனர். அச்செய்தியை அறிந்திருந்த ஃபூட், இங்கும் அவை இருக்கலாம் என்ற எண்ணத்துடன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மே 30ஆம் நாள், பல்லாவரத்துப் பட்டாள மைதானத்தின் சரளைக்குழி ஒன்றில் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. மனிதன் செதுக்கிய கல் அது! இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்பதற்குச் சான்றாக முதலில் அறியப்பட்ட கருவி அதுவே.

அந்தக் குழியிலிருந்து சரளை அள்ளியவர்களின் காலில் இத்தகைய கற்கள் எத்தனையோ இடறியிருக்கும். ஃபூட் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினார். கிடைத்ததும் எந்த ஊர், எந்த மண்படிவம் என்று எழுதினார். செப்டம்பரில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில், வில்லியம் கிங் என்ற துணைவருடன் மேலும் பல கருவிகளைக் கண்டார். இவற்றை 1866இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் சேர்த்த தொகுதியை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவர் 1912இல் மறைந்தபின், அதன் விளக்கப் பட்டியல் 1914லும் 1916லும் இரு நூல்களாக வெளிவந்தது. எந்தக் கல் எந்த ஊரினது என்பதை இன்றும் அவற்றில் பார்க்கலாம்.

கல்லுக்குள் ஒரு கடிகாரம்

அந்தக் கருவிகளின் வயது என்ன? ஃபூட்டின் காலத்தில் அதை அளக்க வழி இல்லை. அணுக்கரு கண்டுபிடிக்கப்பட்டதே 1911இல்தான். ஆனால் அவர் எழுதிவைத்த இடத்துக்குப் பிற்காலத்தவர் திரும்பிச் செல்ல முடிந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்தனர். மிகக் கீழே உள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தனர்.

இது எப்படித் தெரிந்தது? விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் பூமியில் ஓயாமல் விழுகின்றன. நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் அவை பாயும்போது, சிலிக்கன் அணுக்களிலிருந்து அலுமினியம்-26உம், ஆக்சிஜன் அணுக்களிலிருந்து பெரிலியம்-10உம் மிகச் சிறு அளவில் உண்டாகின்றன. அவை ஏறக்குறைய 7க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டா. புதிய அணுக்கள் உண்டாவது அநேகமாக நின்றுவிடும். இருப்பவை சிதையத் தொடங்கும்.

அலுமினியம்-26இன் அரை ஆயுட்காலம் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியம்-10க்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள். ஒரு கல் புதைந்து 14 லட்சம் ஆண்டுகள் ஆயின என்று கொள்வோம். அலுமினியத்தில் கால் பங்கு மிஞ்சும். பெரிலியத்தில் அரைப் பங்கு மிஞ்சும். ஆகவே 7 என்ற விகிதம் 3.5 ஆகிவிடும். விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் தெரியும். உண்மையான கணக்கில் வேறு சில திருத்தங்களும் உண்டு. அடிப்படை இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கல் எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கு பொருள்படும். யாரோ என்றோ எடுத்து வெளியே போட்ட கல்லுக்கு இதைச் செய்து பயனில்லை. என் மாணவரின் டப்பாவில் இருந்த கல்லின் கடிகாரமும் அவ்வாறே வாசிக்க முடியாமல் போயிற்று.

முட்டை ஓடு சொன்ன சாட்சி

சேர்ப்பதில் கேடும் உண்டு. ஆர்வம் பேராசையானால், சேர்க்கப்படும் உயிரே அழியும். வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த பறக்க இயலாத பெரிய ஆக் என்ற பறவையை இறைச்சிக்கும் இறகுக்குமாக மனிதன் அழித்துவந்தான். எண்ணிக்கை குறைந்து அரிதாகிவிட்டபோது, சேகரிப்போர் அதைக் காப்பாற்றவில்லை. அதற்குக் கொடுக்கும் விலையை உயர்த்தினார்கள். ஐஸ்லாந்தை அடுத்த எல்டே பாறைத்தீவில் 1844 ஜூனில் கொல்லப்பட்ட இணையே, உறுதியாகத் தெரிந்த கடைசி இணை. அதுவும் சேகரிப்போருக்காகவே கொல்லப்பட்டது.

பிரிட்டனில் பறவை முட்டை சேர்ப்பதும் ஒரு மோகமாக இருந்தது. அது பறவைகளுக்குத் தீங்கானது. 1954இல் சட்டம் அதைத் தடுத்தது. ஆனால் பழைய முட்டைப் பெட்டிகளில் ஒரு நன்மையும் ஒளிந்திருந்தது. பைரி என்னும் வேட்டைப் பறவைகளின் கூடுகளில் முட்டைகள் உடைவதைக் கண்ட டெரிக் ராட்கிளிஃப், பழைய பெட்டிகளைத் தேடிப்போனார். ஓட்டின் எடையை அதன் நீள, அகலப் பெருக்கத்தால் வகுத்து ஒப்பிட்டார். 1947ஐ ஒட்டி ஓடுகள் திடீரென ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இலேசாகியிருந்தன. டி.டி.டி. பூச்சிமருந்து பரவிய காலம் அது. 1967இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, அந்த மருந்துக்கு எதிரான முக்கியச் சான்றாயிற்று. முட்டைகளை எடுத்தவர்கள் டி.டி.டி.யை மனத்தில் வைத்து எடுத்தவர்கள் அல்லர். அவர்கள் தேதி எழுதியிருந்ததால்தான் அந்த ஓடுகள் சாட்சி சொல்ல முடிந்தது.

நீங்கள் தொடங்குவது எப்படி?

முதலில், எதற்காகச் சேர்க்கிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 'நம் ஊர் ஏரியின் நத்தை ஓடுகள் என்னென்ன?', 'நம் மாவட்டத்துப் பாறை வகைகள் எவை?' என்பது போன்ற ஒரு சிறு கேள்வி போதும். கேள்வி இருந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானே விளங்கும்.

எடுத்த அன்றே சீட்டு எழுதுங்கள். என்ன பொருள், எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது, எதன் மேல் அல்லது எதன் அருகே கிடந்தது ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. ஏரியின் எந்தக் கரை, சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள். மை கரையும், ஆதலால் பென்சிலே நல்லது. பொருளுக்கும் சீட்டுக்கும் ஒரே எண்ணை இட்டு, நோட்டுப் புத்தகத்திலும் அதைப் பதியுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம்; இடத்தைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

உயிருள்ளவற்றையும் கூடுகளையும் முட்டைகளையும் தொடாதீர்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. பழங்கருவி, பானை, சிலை போன்றவை கண்ணில் பட்டால் எடுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டு, தாசில்தார் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். அந்த இடமே பாதிச் செய்தி என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

பிஸ்கட் டப்பா என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மாணவரிடம், வீட்டில் பாட்டியைக் கேட்டுப்பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தார். தாத்தா ஓர் ஏரியின் மதகு கட்டும் வேலையில் இருந்தபோது அந்த வாதுமை வடிவக் கல்லைக் கொண்டுவந்து காட்டியதாகப் பாட்டிக்கு நினைவு இருந்தது. ஏரியின் பெயரில் மட்டும் பாட்டிக்குச் சந்தேகம்; இரண்டு ஊர்களைச் சொன்னாராம். இருவருமாக உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினோம். இரண்டு ஊர்களின் பெயரையும் எழுதினோம். 'பாட்டி நினைவிலிருந்து சொன்னது. உறுதியில்லை' என்று சேர்த்து, அன்றைய தேதியையும் போட்டோம். கல்லையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாணவர் தொல்லியல் அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறார். அது கருவியா, வெறும் கல்லா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

டப்பாவில் மீதிக் கற்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் பாட்டியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மாணவர் இப்போது எழுதிவருகிறார்.